ஓரத்தில் தெரியும் கை

பழைய பயண ட்ரெய்லர் ஒன்றை யார் கட்டியது என்று கண்டுபிடிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஜன்னலைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஜன்னல் ஏமாற்றிவிடும். காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போகும் இந்தச் சின்ன வீடுகளை 1950களில் அமெரிக்காவில் கட்டிய பட்டறைகள் ஏராளம். தெற்குக் கலிஃபோர்னியாவிலும் இண்டியானா மாநிலத்து எல்கார்ட் ஊரைச் சுற்றியும் அவை நெருக்கியடித்து இருந்தன. அவற்றில் பலவும் ஜன்னலைத் தாமே செய்யவில்லை. ஹெர் கம்பெனியின் ஜன்னலும் பார்க்மன் கம்பெனியின் கதவுக் கைப்பிடியும் பின்விளக்கும் எத்தனையோ பெயர்களில் விற்ற வண்டிகளில் ஏறின. தன் வீட்டுக் கொல்லையில் தனக்கென்று ஒரு வண்டி கட்டிக்கொண்டவரும் அதே கைப்பிடியைக் கடையில் வாங்கி மாட்டினார். கைப்பிடியில் பொறித்த பெயர் கைப்பிடியின் பெயர் மட்டுமே.

பார்க்க வேண்டியது ஓரங்களை. தகடும் தகடும் சேருகிற இடம், சுவர் வளைந்து கூரையாகிற இடம், கதவு தன் சட்டத்தில் போய் உட்காருகிற இடம். பொருள்கள் எல்லோருக்கும் ஒரே கடையில் கிடைத்தன. ஒரு பொருள் இன்னொன்றைச் சந்திக்கும் இடத்தில் என்ன செய்வது என்பதை மட்டும் கட்டியவர்தான் முடிவு செய்தாக வேண்டும். கம்பெனி வண்டியோ வீட்டில் கட்டிய வண்டியோ, கட்டியவரின் புத்தி அங்கேதான் வெளிப்படுகிறது.

அந்த ஓரங்களைச் சோதிப்பது மழை. சாதாரண ட்ரெய்லரின் சுவர் மூன்று அடுக்கு: வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே எட்டில் ஒரு பங்கு அங்குலப் பிளைவுட், நடுவே மெலிந்த பைன் மரச் சட்டங்கள். ஏதோ ஒரு திருகாணித் துளை வழியே புகுந்த தண்ணீர் தகட்டின் பின்பக்கமாகவே இறங்கி, கீழ் மூலையில் தங்கி, மரத்தை மெல்ல உளுத்துப்போகச் செய்யும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் கையை வைத்து அழுத்தினால் மூலை உள்ளே போகும். கொட்டகையில் நிற்காமல் வெயிலிலும் மழையிலும் 70 ஆண்டு நின்றும் ஒரு வண்டியின் கீழ் மூலை கல்லுப்போல இருக்கிறதென்றால், அதன் மேலோரத்தை யாரோ மிகுந்த கவனத்தோடு முடித்திருக்கிறார்.

இந்தத் தொழிலுக்கே மழை ஒரு தாய். 1929இல் டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஆர்தர் ஷெர்மன் என்ற நுண்ணுயிரியலாளர், சில நிமிடங்களில் விரித்துவிடலாம் என்று சொல்லி விற்ற கூடார ட்ரெய்லர் ஒன்றை வாங்கிக் குடும்பத்தோடு புறப்பட்டார். வழியில் இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. அதை விரித்து முடிப்பதற்குள் எல்லோரும் தொப்பலாக நனைந்தார்கள். திரும்பி வந்தவர் ஒரு தச்சரை வைத்து, மேசனைட் பலகையால் 6 அடி அகலமும் 9 அடி நீளமுமாக, விரிக்கவே தேவையில்லாத ஒரு பெட்டியைச் செய்துகொண்டார். பிள்ளைகள் விளையாட்டாகக் ‘கவர்டு வேகன்’ என்று அழைத்தார்கள். 1930 டெட்ராய்ட் கார் கண்காட்சியில் அதை வைத்தார், ஆர்டர்கள் வந்தன. 1936 வாக்கில் அந்தப் பெயரில் நடந்த கம்பெனிதான் நாட்டிலேயே பெரிய ட்ரெய்லர் கம்பெனி. அதாவது, அந்தக் காலத்தின் மிகப் பெரிய கம்பெனி வண்டி, வீட்டில் கட்டிய ஒரு வண்டியாகத்தான் பிறந்தது. இரண்டு வகைக்கும் நடுவே கோடு கிழிக்க முயலும்போதெல்லாம் எனக்கு ஷெர்மன் நினைவுக்கு வருகிறார்.

அவருக்கு முன்னும் கதை உண்டு. எல்கார்ட் அருங்காட்சியகத்தில் 1913ஆம் ஆண்டின் எர்ல் ட்ரெய்லர் இருக்கிறது. மிஞ்சியிருக்கும் பயண ட்ரெய்லர்களில் மிகப் பழையது என்று அதைத்தான் கருதுகிறார்கள். 1919இல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரத்து டி சோட்டோ பூங்காவில் கூடிய பயணிகள் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்று சங்கம் வைத்து, அடையாளமாகக் காரின் ரேடியேட்டர் மூடியில் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்துக்கொண்டார்கள். ஆனால் நின்று நிதானமாகப் பார்க்கத் தகுந்த வேலை 1930களின் பிற்பகுதியில்தான் தொடங்குகிறது. காரணம், ஒரு பசை.

பிளைவுட் அதற்கு முன்பும் இருந்தது. மழையில் நனைந்தால் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். 1934இல் வாஷிங்டன் மாநிலத்தின் அபர்டீன் நகரத்துப் பிளைவுட் ஆலையொன்றில் தண்ணீருக்கு அசையாத பசையைக் கண்டுபிடித்தார்கள். அதன்பிறகு 4 அடிக்கு 8 அடி என்ற அந்தப் பலகை வெளியில் நிற்கும் பொருளுக்கும் ஆயிற்று. பாப்புலர் மெக்கானிக்ஸ், மெக்கானிக்ஸ் இலஸ்ட்ரேட்டட் போன்ற இதழ்கள் வார இறுதித் தச்சர்களுக்கு வரைபடங்கள் வெளியிட்டன. அவற்றிலிருந்து பெருகிய வடிவம்தான் டியர்டிராப்: உருண்ட மூக்கு, சரிந்து இறங்கும் முதுகு, கண்ணீர்த்துளியைப் படுக்கவைத்த உருவம்.

ஒரு நல்ல டியர்டிராப்பின் பக்கவாட்டைப் பார்க்கும்போது அந்தப் பலகையை மனத்தில் விரித்துக்கொள்ள வேண்டும். 4 அடி உயரம், 8 அடி நீளம்: ஒரு சுவருக்கு ஒரு பலகை. அகலம் 4 அடி. தரைக்கு இன்னொரு பலகை. சுவரில் மூக்கையும் முதுகையும் வளைத்து வெட்டும்போது மூலைகளில் விழும் துண்டுகள் உள்ளே அலமாரித் தட்டாகும். 4 அடி அகலத்தில் இருவர் ஒட்டிப் படுக்கலாம், அவ்வளவுதான். வண்டி ஒடுக்கமாக இருப்பதால் சக்கரங்கள் பெட்டிக்கு வெளியே நிற்கின்றன. அவற்றுக்குத் தனியே மட்கார்டு வேண்டும். பக்கத்தில் பிதுங்கி நிற்கும் அந்த மட்கார்டுகளை அலங்காரம் என்று நினைத்து ரசிப்பவர்கள் உண்டு. ரசிக்கட்டும். ஆனால் அவை பலகையின் அளவிலிருந்து பிறந்தவை என்று தெரிந்தபின் இன்னும் அழகாகத் தெரிகின்றன.

முதுகுக் கோட்டை எங்கே வளைப்பது என்பதில்தான் ஒவ்வொருவரின் குணமும் தெரியும். சமையலறை வண்டியின் பின்புறம், மேலே தூக்கும் மூடிக்கு அடியில் இருக்கிறது. வாலை நீட்டிச் சரித்தால் கோடு அழகாக ஓடும். ஆனால் அடுப்புக்கும் ஐஸ் பெட்டிக்கும் மேலே இடம் போய்விடும். வாலைச் செங்குத்தாக இறக்கினால் தட்டுகள் நிறையக் கிடைக்கும், வண்டி மொத்தையாகிவிடும். நான் பார்த்ததில் சிறந்தவை, தோள் உயரத்தில் கொஞ்சம் தயங்கி, பிறகு விறுவிறுவென்று இறங்குபவை. சமைப்பவரின் உயரம் அந்தத் தயக்கத்தில் பதிந்திருக்கிறது. வரைபடத்தில் இருந்த கோட்டைக் கட்டியவர் மாற்றியிருந்தால், பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாற்றியிருப்பார்.

அந்தப் பின்மூடி இந்த வண்டியிலேயே செய்யக் கடினமான உறுப்பு. வளைந்த விலா எலும்புகளை வெட்டி, அவற்றின் மேல் மெல்லிய பலகையை வளைத்துப் பசையிட்டு, இறுக்கிக் காயவிடுகிறார்கள். மறுநாள் இறுக்கியை அவிழ்த்ததும் பலகை தன் பழைய நேர்நிலையை நோக்கிக் கொஞ்சம் விரியும். சுவரின் வளைவும் மூடியின் வளைவும் அங்கே பிரிந்துவிடும்: நடுவில் பொருந்தி, கீழே விரல் நுழையும் இடைவெளி. அனுபவசாலி முன்கூட்டியே வேண்டியதைவிட இறுக்கமாக வளைத்து, அது விரியும்போது சரியான கோட்டில் வந்து நிற்கும்படி செய்வார். எவ்வளவு கூடுதலாக வளைப்பது என்பது எந்த வரைபடத்திலும் இருக்காது. பலகையின் தடிமன், இழையோட்டம், அன்றைய ஈரம் எல்லாம் அதில் சேரும். அதனால் பழைய டியர்டிராப் அருகே போனால், மூடியின் இரு பக்கமும் மேலிருந்து கீழ்வரை ஓடும் அந்த இடைவெளியை மட்டும் கண்ணால் தடவிக்கொண்டே வாருங்கள். ஒரே அகலத்தில் ஓடினால், கட்டியவருக்கு அது முதல் வண்டியாக இருக்க வாய்ப்புக் குறைவு; அல்லது அவர் படகோ விமானமோ கட்டியவர்.

மூடி கூரையோடு சேரும் கீல் இருக்கும் இடத்தில்தான் மழை நேராக விழுகிறது. சாதாரண நீளக் கீல் போட்டவர்கள் அதன்மேல் ரப்பர் பட்டையோ வண்ணமடித்த கேன்வாஸ் துணியோ ஒட்டினார்கள். பிறகு ஊசியே இல்லாமல் இரண்டு அலுமினியப் பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று கொக்கியாகச் சுருண்டு சுழலும் கீல் வந்தது. மேல் பட்டை கீழ்ப் பட்டையை மூடி நிற்பதால் தண்ணீர் வழுக்கிப் போய்விடும். எவ்வளவு சிக்கனமான யோசனை! அசையும் இடத்தையே கூரையின் இறவாரமாக்கிவிட்டார்கள். ட்ரெய்லர் முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த அரை அங்குலம் இதுதான்.

வண்டி எப்போதையது என்று அறிய, அடியில் குனிந்து பார்க்க வேண்டும். வீட்டில் கட்டிய வண்டிகளில் அச்சு பெரும்பாலும் பழைய காரிலிருந்து வந்தது. ஃபோர்டு மாடல் ஏ காரின் முன் அச்சை எடுத்து, திரும்பும் சக்கரங்கள் திரும்பாதபடி இணைப்புக் கம்பியைச் சட்டகத்தோடு பற்றவைத்திருப்பார்கள். அந்தப் பற்றவைப்புப் புள்ளியைக் கண்டால் கட்டியவரோடு கைகுலுக்கியது போன்ற ஒரு மகிழ்ச்சி. சக்கரத்தின் போல்ட்டுகளும் பேசும். ஐந்து போல்ட்டுகள் ஐந்தரை அங்குல வட்டத்தில் இருந்தால் பழைய ஃபோர்டு, அல்லது போர்க்கால ஜீப். ஐந்தும் 10 அங்குலத்துக்கும் அதிகமான அகன்ற வட்டத்தில் விரிந்து நின்றால் 1936 முதல் 1939 வரையிலான ஃபோர்டு. பின்விளக்கில் 6 வோல்ட் பல்பு இருந்தால் 1950களின் நடுப்பகுதிக்கு முந்தைய காருக்குப் பின்னால் ஓடிய வண்டி. அமெரிக்கக் கார்கள் 12 வோல்ட்டுக்கு மாறியது அப்போதுதான். தலையில் நட்சத்திரப் பள்ளமுள்ள ஃபிலிப்ஸ் திருகாணிகள் 1936ஐ ஒட்டித்தான் கார்த் தொழிலுக்குள் வந்தன. ஒற்றைக் கோட்டுத் திருகாணி மட்டுமே உள்ள வண்டி அதற்கும் முந்தையதாக இருக்கலாம், அல்லது தாத்தாவின் டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டதாகவும் இருக்கலாம். ஒரே சாட்சியை நம்பக்கூடாது. அச்சு பழையது என்பதால் வண்டியும் அத்தனை பழையது ஆகிவிடாது; பழைய அச்சு 20 ஆண்டு கொல்லையில் கிடந்த பிறகும் வண்டிக்கு வரும். மிகப் புதிய உறுப்பு எதுவோ, பின்னால் மாற்றியது அல்லாமல் முதலிலேயே இருந்தது எதுவோ, அதுதான் வண்டியின் வயது.

எல்லாச் சாட்சியிலும் எனக்கு இனியது தகட்டின் பின்பக்கத்து மை. ஆலையிலிருந்து வரும் அலுமினியத் தகட்டில் உலோகத்தின் பெயரை வரிவரியாக அச்சிட்டு அனுப்புவார்கள். போர் முடிந்தபின் விமானத் தொழிலின் உபரித் தகடுகள் மலிவாகக் கிடைத்தபோது, கொல்லைப்புறத் தச்சர்கள் அவற்றை வாங்கி டியர்டிராப்புக்குப் போர்த்தினார்கள். உள்பலகையைக் கழற்றினால் ‘ஆல்கிளாட் 24எஸ்-டி’ என்ற நீல எழுத்துகள் இன்னும் பளிச்சென்று இருப்பதுண்டு. அமெரிக்க அலுமினியத் தொழில் 1954இல் நான்கு இலக்கப் பெயர்முறைக்கு மாறியது. அதே உலோகம் அதன்பின் 2024 ஆயிற்று. அந்தப் பழைய எழுத்து இருந்தால் தகடு அதற்கு முன் உருட்டியது. போர் விமானத்துக்கென்று உருட்டிய தகடு மீன்பிடிக்கப் போகிறவரின் கூரையானது என்பதை அந்த மை எந்த உணர்ச்சியும் காட்டாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இனி ‘கேன்டு ஹாம்’ வண்டிகள். பன்றித் தொடைக்கறி அடைத்து விற்கும் டப்பாவைப் பக்கவாட்டில் நிறுத்திய உருவம். அதனால் அந்தப் பெயர். 13 அடி முதல் 16 அடி வரை நீளம்; உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். 1950களின் சாலைகளில் பெருகியவை இவைதான். ஷாஸ்டா இவற்றில் பெரும்புகழ் பெற்றது: 1950களின் பிற்பகுதியிலிருந்து பின்பக்க மேல்மூலைகளில் இரண்டு உலோகச் சிறகுகள், பக்கத்தில் மின்னல்போல் மடிந்து ஓடும் வண்ணப்பட்டை. கார்களுக்கு வால்துடுப்பு முளைத்த காலம் அது, வீட்டுக்கும் முளைத்தது. சிறகால் எந்தப் பயனும் இல்லை. ஆனால் அதை எங்கே வைத்திருக்கிறார்கள் பாருங்கள்: கூரையின் வளைவு முடிந்து கீழே விழத் தொடங்கும் திருப்பத்தில். அந்த இடத்தில் கண் வழுக்கிவிடும். சிறகு அதைப் பிடித்து நிறுத்துகிறது. 1961 வரை இருந்த உருண்டை அதற்குப் பிறகு தட்டையாகி, மூலைகள் கூர்மையாயின. வண்டி பெரிதாயிற்று, கோடு கெட்டது. 2015இல் அதே கம்பெனி 1961ஆம் ஆண்டு வடிவத்தை மறுபடி கட்டி விற்றபோது எதைத் தேர்ந்தெடுத்தது என்பதே அதற்குத் தீர்ப்பு.

சுவர்த் தகட்டைக் கீழிருந்து மேலாகத்தான் ஏற்றுவார்கள். கூரைக்குக் கீற்று வேய்வது போலத்தான்: மேல் வரிசை கீழ் வரிசையின் விளிம்பை மூடி நிற்க வேண்டும். ஒவ்வொரு தகட்டின் ஓரமும் மடிந்து அடுத்ததன் மடிப்புக்குள் செருகிக்கொள்ளும். வெளியே ஆணி தெரியாது. இந்த நெடுக்கு மடிப்புகளின் எண்ணிக்கை, அலையலையான வரிகளின் அகலம், வண்ணம் மாறும் உயரம் ஆகியவை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அடையாளம் காண்பவர்கள் ஜன்னலை விட்டுவிட்டு இதைத்தான் எண்ணுகிறார்கள். சுவரும் கூரையும் சேரும் வளைந்த விளிம்பில் அடியில் மக்கு, அதன்மேல் அலுமினியப் பட்டை, பட்டையின் பள்ளத்தில் வரிசையாகத் திருகாணிகள். பட்டையை வளைவுக்கு ஏற்பச் சுருக்கமில்லாமல் படியவைப்பது தனிக் கலை. வீட்டில் கட்டியவர்களில் பலருக்கு அது வரவில்லை. வளைவில் நான்கைந்து இடத்தில் வெட்டிச் சேர்த்திருப்பார்கள். வெட்டுகளைச் சம இடைவெளியில் வைத்து அதையே ஓர் ஒழுங்காக்கிய ஒரு வண்டியை நான் மறக்கவில்லை.

கேன்டு ஹாம் வண்டிகளின் பெரிய ரகசியம், அவற்றை உள்ளிருந்து வெளியே கட்டினார்கள் என்பது. முதலில் தரை. அதன்மேல் உள்பலகைச் சுவர், அலமாரி, கட்டில் பெட்டி. வெளியே தகடு ஏறாத அந்தக் கட்டத்தில் தொழிலாளி வண்டிக்கு வெளியே நின்றுகொண்டு, சுவரின் பின்னாலிருந்து அலமாரிக்குள் திருகாணி அடித்தார். கடைசியில்தான் தகடு. அதனால் அலமாரியின் உள்ளே எவ்வளவு தேடினாலும் அதைச் சுவரோடு பிடித்திருப்பது எது என்று தெரியாது. அலமாரியைக் கழற்ற வேண்டுமென்றால் வண்டியின் தோலை உரிக்க வேண்டும். உரிக்கிறவர்களுக்கு அங்கே ஒரு பரிசு காத்திருக்கும்: பலகையின் பின்பக்கத்தில் தொழிற்சாலைத் தச்சர் கிரேயானால் எழுதிய மாடல் பெயரும் அளவும். எல்லாப் பெயர்ப்பலகையும் தொலைந்த வண்டிக்கு அதுவே பிறப்புச் சான்றிதழ். உளுத்த சட்டத்தையும் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்வார்கள் விவரம் அறிந்தவர்கள். புதுச் சட்டத்தை வெட்ட அந்தச் சொத்தைதான் அச்சு.

உள்ளே நுழைந்தால் தேன் நிறம். பிர்ச் மரத்தின் மெல்லிய ஏட்டை மேலே ஒட்டிய பலகை, அதன்மேல் ஷெல்லாக் பூச்சு. புதிதில் வெளிறிய மஞ்சளாக இருந்தது ஆண்டுகளால் பழுத்திருக்கும். ஷெல்லாக் என்பது அரக்கு. அந்தக் காலத்தில் உலகச் சந்தைக்குப் பெருமளவில் இந்தியாவிலிருந்து, சோட்டாநாக்பூர்க் காடுகளின் மரக்கிளைகளில் பூச்சிகள் சுரந்ததிலிருந்து போனது. கலிஃபோர்னிய வண்டிக்குள் மாலை வெயில் விழும்போது அந்தக் காட்டின் நிறத்துக்கும் அதில் பங்கு உண்டு. நல்ல பட்டறையின் வேலை என்றால் வரிசையாக இருக்கும் அலமாரிக் கதவுகளை ஒரே பலகையிலிருந்து அறுத்திருப்பார்கள். மரத்தின் இழை முதல் கதவில் தொடங்கி, ரம்பத்தின் அகலத்தை மட்டும் இழந்து, அடுத்த கதவில் தொடரும். கதவுகளை மூடி, சற்றுத் தள்ளி நின்றால் ஒரே மரமாகத் தெரியும். அதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் கைப்பிடிகளை மாற்றக்கூடத் தயங்குவார்கள்.

இப்போது பல பேர் இந்த உள்பலகை மீது வெள்ளை வண்ணம் அடிக்கிறார்கள், வெளிச்சமாக இருக்கிறதாம். எனக்கு அது தாளவில்லை. ஷெல்லாக் மறுபடி கரையும் பூச்சு. ஸ்பிரிட்டில் தொட்ட துணியால் பழைய பூச்சையே இளக்கிப் புதியதோடு சேர்க்கலாம். கீறலை ஆற்றலாம். வெள்ளை வண்ணம் மரத்தின் நுண்துளையில் இறங்கிவிட்டால் ஏட்டைச் சேதமாக்காமல் அதை எடுக்கவே முடியாது. நீர்க்கறை படிந்து கறுத்த பலகைக்கு வண்ணம் அடிப்பதைப் புரிந்துகொள்கிறேன். நன்றாக இருப்பதை மூட வேண்டாம்.

வெள்ளி வண்டிகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், ஆகவே சுருக்கமாக. லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிய ‘ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்’ விமானத்தின் கட்டுமானத்தை மேற்பார்த்த ஹாலி போலஸ், கிளைடர் விமானங்கள் செய்தவர். 1934இல் எஃகுக் குழாய் எலும்புக்கூட்டின் மேல் டியூராலுமின் தகட்டை ரிவெட் அடித்து ‘ரோட் சீஃப்’ என்ற ட்ரெய்லரைச் செய்தார். மீனைப்போல் பின்னால் ஒடுங்கும். கதவு மூக்கில், இழுகோலுக்கு மேலே. பக்கத்தில் கதவு வெட்டினால் ஓட்டின் பலம் போய்விடுமே என்ற விமானக்காரரின் கவலை அந்த இடத்தில் தெரிகிறது. அவர் கம்பெனி நொடித்தபின், அந்த வண்டிகளை விற்றுவந்த வாலி பயாம் 1936இல் அதே சாயலில் ‘ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்’ கொண்டுவந்தார். கதவைப் பக்கத்துக்கு மாற்றினார். விலை 1,200 டாலர். நுழைவது எளிதாயிற்று. அந்த மாற்றத்தால்தான் வளைந்த ஓட்டுக்கு ஏற்ற வளைந்த கதவு தேவைப்பட்டது. பழைய ஏர்ஸ்ட்ரீமில் நான் முதலில் பார்ப்பது அந்தக் கதவின் வளைவு சுவரின் வளைவோடு ஒன்றுகிறதா என்பதைத்தான். ஓக்லஹோமாவின் டல்சா நகரத்து ஸ்பார்ட்டன் விமானக் கம்பெனியும் போருக்குப் பின் ஜே. பால் கெட்டியின் கீழ் ட்ரெய்லர்களுக்கு மாறியது. அதன் முன்பக்க ஜன்னல் விமானியின் கண்ணாடியைப்போல் சுற்றி வளைந்திருக்கும்.

ரிவெட் வரிசையைக் கிட்டப்போய்ப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் இருவர் வேண்டும்: வெளியே ஒருவர் அடிப்பானோடு, உள்ளே ஒருவர் எஃகுக் கட்டியை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடித்தபடி. ஒருவரையொருவர் பார்க்க முடியாது. கட்டி சற்றுச் சாய்ந்தால் தலையைச் சுற்றித் தகடு பிறைவடிவில் குழியும். வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் அந்தப் பிறைகள் தெரியும்; மதியத்தில் ஒன்றும் தெரியாது. கோளமான முனையை மடல் மடலாக வெட்டிய தகடுகளால் மூடுவார்கள். மடல்களை எண்ணியே காலத்தையும் தொழிற்சாலையையும் நெருங்குகிறவர்கள் உண்டு. 13 மடல் முனையைக் கண்டால் அவர்களுக்கு முகம் மலர்ந்துவிடும். வழக்கமாக அந்தத் தகடு உலோகக் கலவையின் மேல் முடியிழை அளவுக்குத் தூய அலுமினியம் போர்த்தியது. கண்ணாடிபோல் மெருகேறுவது அந்த மேல்தோல்தான். அளவு மீறித் தேய்ப்பவர்கள் தேய்த்து எடுப்பதும் அதையே.

கனடாவின் வின்னிபெக் நகரத்தில் 1968இல் தொடங்கிய போலர் வண்டியை இங்கே ஒரு வரியிலாவது சொல்லியாக வேண்டும். அதை உருவாக்கிய ரே ஒலெக்கோ அதற்கு முன் ஃபைபர்கிளாஸில் கழிவுநீர்த் தொட்டி வடிவமைத்தவர். மேல் ஓடு ஒன்று, கீழ் ஓடு ஒன்று. இடுப்பைச் சுற்றி ஒரே இணைப்பு. மழைக்கு எதிரான எல்லா யோசனைகளையும் அது ஒரே கோட்டுக்குள் அடக்கிவிட்டது. நேர்த்தி அது. பார்ப்பதற்கு ஓரங்கள் குறைந்துபோயின என்பதால் என் மனம் பழையவற்றிடமே திரும்பிவிடுகிறது.

பயாமுக்கு வருவோம். அலுமினியத்துக்கு முன் அவர் இதழ் நடத்தியவர். ட்ரெய்லர் கட்டும் வரைபடம் ஒன்றை அவர் வெளியிட, அது சரியில்லை என்று வாசகர்கள் குறைகூற, தானே ஒன்றைக் கட்டிப் பார்த்துத் திருத்தினார் என்பது ஏர்ஸ்ட்ரீம் வட்டாரம் விரும்பிச் சொல்லும் கதை. 1930களின் முற்பகுதியில் ‘டார்பிடோ கார் க்ரூசர்’ என்ற வண்டியைக் கட்டி விற்றதோடு, அதன் வரைபடத்தையும் தனியே விற்றார். வாங்கியவர்கள் தத்தம் கொட்டகையில் கட்டிக்கொண்டார்கள். ஏர்ஸ்ட்ரீமின் முதல் தலைமுறையில் ஒரு பகுதி இப்படித்தான், பலகையாலும் மேசனைட்டாலும், தெரியாத கைகளால் ஆனது. அவற்றைக் கம்பெனி வண்டி என்று சேர்ப்பதா, வீட்டில் கட்டியது என்று சேர்ப்பதா? நான் இரண்டிலும் சேர்ப்பேன். அமெரிக்க மாநிலங்களின் வாகனப் பதிவேட்டில் இத்தகையவற்றுக்கு ‘வீட்டில் செய்தது’ என்பதற்கு மேல் வேறு பெயர் இராது. ஒரே வரைபடத்தில் பிறந்த இரண்டு டார்பிடோக்கள் ஒத்திருக்க வேண்டியதும் இல்லை: ஒருவருக்குக் கிடைத்த அச்சு மற்றவருக்குக் கிடைத்திருக்காது, ஒருவர் வளைவுக்குப் பலகையின் பின்பக்கத்தில் ரம்பத்தால் கீறியிருப்பார், மற்றவர் ஈரத்தில் ஊறவைத்துக் கயிற்றால் கட்டி வளைத்திருப்பார். கொட்டகை ஒன்றிலிருந்து இன்னொன்று வெளிவந்தால் அதில் பெயர்ப்பலகையைத் தேடிப் பயனில்லை. அச்சிலிருந்து தொடங்கி, சக்கரத்தின் போல்ட்டுகளை அளந்து, திருகாணிகளைப் பார்த்து, பிறகு மூக்கின் வளைவை அந்தப் பழைய வரைபடத்தோடு வைத்து ஒப்பிட வேண்டும். கோடு எங்கே விலகுகிறதோ அங்கே நின்று பார்க்க வேண்டும்.